பால் வந்துவிட்டது, கீரை எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்தார் பாலில் தன்னிறைவு கண்ட கதையைச் சென்ற இதழில் படித்தேன். தோஹாவில் வேலை பார்ப்பவன் நான். அது பெரிய சாதனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017 ஜூன் 5 அன்று சவூதி எல்லை மூடப்பட்டதும், மாலைக்குள் எங்கள் பக்கத்துக் கடையில் பாலும் கோழியும் வைக்கும் அலமாரிகள் காலி. ஜனங்கள் தண்ணீர் பாட்டிலைக்கூட டிராலி டிராலியாக அள்ளிக்கொண்டு போனார்கள். உணவில் சுமார் 90 சதவீதத்தை வெளியிலிருந்து வாங்கும் நாடு. அதில் கணிசமான பங்கு வந்துகொண்டிருந்த ஒரே தரைவழி அடைபட்டால் வேறென்ன நடக்கும்? சில நாளில் துருக்கிப் பால் வந்தது. ஜூலையில் மாடுகளே விமானம் ஏறி வந்தன.

ஆனால் உங்கள் கட்டுரை பண்ணையோடு நின்றுவிட்டது. சாப்பிடுகிறவர்களின் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. 2012இல் அரசு நடத்திய கணக்கெடுப்பிலேயே, வயது வந்த கத்தார் குடிமக்களில் பத்தில் ஏழு பேருக்கு எடை அதிகம், ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். 2019இல் குளிர்பானங்களுக்கு 50 சதவீதமும் எனர்ஜி டிரிங்குகளுக்கு 100 சதவீதமும் வரி போட்டார்கள். நல்ல காரியம்தான்.

அப்புறம், இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் குடிமக்கள் அல்ல, எங்களைப் போல் பிழைக்க வந்தவர்கள். ராத்திரி, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் சமையலறையில் அடுப்புக்கு வரிசையில் நிற்பவர்களின் தட்டைப் பாருங்கள். மலை மாதிரி வெள்ளைச் சோறு, தண்ணியான பருப்பு, உருளைக்கிழங்கு. சமைக்கத் தெம்பில்லாத நாளில் பக்காலா என்கிற சின்ன மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் குபூஸ் ரொட்டியும், டின் பாலும் சர்க்கரையும் கொட்டிய கரக் டீயும். 2021 மார்ச்சில் அமலான சட்டப்படி, சாப்பாடு போடாத கம்பெனி மாதம் 300 ரியால் உணவுப்படி தர வேண்டும். நாளுக்கு 10 ரியால். அதிலும் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வயிறு நிரம்பிவிடும். கீரையும் பழமும் கட்டுப்படியாகாது. முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை மாத்திரையோடு ஊர் திரும்புகிற பையன்களைப் பார்க்க வயிறு எரிகிறது.

அந்த 300 ரியாலை வருடா வருடம் காய்கறி விலையோடு ஒப்பிட்டு உயர்த்த வேண்டும். கேம்ப்களுக்கே போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அடுத்த முறை கத்தாரைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை ஒரு கேம்ப் சமையலறைக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தோஹா