காலி மனை கிடைத்த இடமெல்லாம் பஸ் ஸ்டாண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோவதைப் பாராட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெரிசல் குறையும் என்கிறார் கட்டுரையாளர். குறையும்தான். யாருக்குக் குறையும் என்றும் அவர் கேட்டிருக்கலாம்.

போன ஐப்பசியில் அம்மாவை மதுரையில் டாக்டரிடம் காட்டிவிட்டு, ராத்திரி ரயிலில் எங்கள் கடலோர ஸ்டேஷன் ஒன்றில் வந்து இறங்கினேன். ஊர் பெயர் வேண்டாம், பல இடத்திலும் இதே கதைதான். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. வாசலில் ஒரு பஸ் இல்லை. பஸ் ஏற வேண்டுமானால் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், அங்கே போக ஆட்டோ பிடிக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்த டிக்கெட்டைவிட அந்த ஆட்டோவுக்குத்தான் அதிகம் கொடுத்தேன்.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும்வரை ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுகொண்டன. ரயிலை விட்டு பஸ்ஸுக்கு மாறுவது எத்தனை பெரிய பாடு என்பது அந்த இரண்டு வருஷத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நன்றாகப் புரிந்துபோயிற்று. மீன் கூடைக்காரப் பெண்களைக் கேளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடையை இறக்கி ஏற்றுவதற்குள் ஐஸ் கரைந்துவிடும்.

இத்தனைக்கும் இறங்கிய இடத்திலேயே அடுத்த வண்டி ஏறுவது இந்த மண்ணுக்குத் தெரியாத வித்தை இல்லை. 1964 புயலில் அழியும்வரை தனுஷ்கோடியில் ரயில் கப்பல் துறை வரைக்கும் போகும். இறங்கினால் எதிரே இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பல், அக்கரையில் இறங்கினால் அங்கேயும் ரயில். 1914இலேயே அப்படி யோசித்திருக்கிறார்கள். சென்னையில் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. அதை இங்கேயும் செய்து பார்க்க வேண்டாம்.

ராமேஸ்வரத்தில் ரயில் நிலையம் ஓரிடம், பஸ் ஸ்டாண்டு ஓரிடம், கோயில் இன்னோரிடம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குச் சுமார் 2 கிலோமீட்டர். தீவுக்கு வரும் வண்டியெல்லாம் மேற்கிலிருந்து ஒரே சாலையில்தான் வந்தாக வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் காரையும் சுற்றுலா வேனையும் மேற்கேயே நிறுத்தட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. அதற்காக டவுன் பஸ்ஸையும் சேர்த்து வெளியே தள்ளினால் நடக்கப்போவது வயசாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும்தான். டவுன் பஸ் ரயில் நிலைய வாசலைத் தொட்டுக்கொண்டு கோயில்வரை போகட்டும். ரயில் வரும் நேரத்துக்கு நிற்கட்டும். இதற்குக் கோடிக்கணக்கில் கட்டடம் தேவையில்லை, ஒரு நிழற்குடையும் நேர அட்டவணையும் போதும்.

கீழக்கரை, தொண்டி, சாயல்குடி போன்ற ஊர்களுக்கு ரயிலே கிடையாது, பஸ்ஸே கதி. அங்கே பஸ் ஸ்டாண்டை கிழக்குக் கடற்கரைச் சாலையின் காலி மனைக்கு இழுத்துக்கொண்டு போனால், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற கிராமத்து ஜனங்கள் இன்னொரு வண்டிக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. இடம் கிடைக்கவில்லை என்று ஊருணியைத் தூர்க்கும் யோசனையை யாரும் கையில் எடுத்துவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் குடிக்கிற மாவட்டம் இது. மேலும், அந்தப் பள்ளத்தில் கட்டினால் முதல் அடைமழைக்கே பஸ் தண்ணீரில்தான் நிற்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்