ஆப்பிள் கன்று விற்பவர்கள் குளிர்க் கணக்கையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் 450 ரூபாய் வீதம் இரண்டு ஆப்பிள் கன்றுகள் வாங்கி மொட்டை மாடியில் வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டி, "டீச்சர், உரம் பத்தலையா?" என்று கேட்டார். நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை. அதற்குக் கீழே ஒன்றரை அடிக்கு வெறும் குச்சி. நகத்தால் லேசாகக் கீறினேன். உள்ளே நல்ல பச்சை. பக்க மொட்டுகள் அரிசி அளவில் இறுக மூடிக் கிடந்தன. உரத்தில் குறையில்லை. அந்தக் கன்றுகளுக்குக் குளிர்காலம் வந்துபோனதே தெரியவில்லை.

நான் கொடைக்கானலில் பதினோரு வருஷம் ஆசிரியையாக இருந்தவள். எங்கள் குடியிருப்பில் நின்ற பிளம்ஸ் மரம் மார்கழியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு விறகுபோல நிற்கும். தை பிறந்ததும் ஓர் இலைகூட இல்லாத கிளையில் வெள்ளை வெளேரென்று பூக்கும். மே மாதம் பழம். மாற்றலாகி மதுரைக்கு வந்தபோது ஆசையாக ஒரு ஒட்டுக்கன்று கொண்டுவந்து நட்டேன். ஆறு வருஷம் உயிரோடு இருந்தது. ஒரு பூ வைக்கவில்லை.

ஆப்பிள், பிளம்ஸ், பேரி மரங்கள் உறங்கியபடியே குளிரைக் கணக்கு வைத்துக்கொள்ளும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே தனக்கு வேண்டிய மணி நேரம் கழிந்தால்தான் மொட்டு விழிக்கும். காஷ்மீரத்துப் பழைய ஆப்பிள் ரகங்களுக்கு ஏறக்குறைய 1,000 மணி நேரம் தேவை. இஸ்ரேலில் உருவான 'அன்னா' ரகத்துக்கு 200, 300 மணி நேரம் போதும். மதுரையில் மார்கழி விடியற்காலையிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடத் தேறாது.

'எச்.ஆர்.எம்.என். 99' ரகம் 45 டிகிரி வெயிலையும் தாங்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ஹரிமன் சர்மா இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் உருவாக்கிய அருமையான ரகம்தான். ஆனால் பிலாஸ்பூரில் தை மாத இரவு நடுங்க வைக்கும். கோடை வெயிலைத் தாங்குவது வேறு, குளிரே இல்லாமல் காய்ப்பது வேறு. விற்கிறவர்கள் இந்த இரண்டாவதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

குளிருக்குப் பதிலாக மனிதக் கை சில வேலைகளைச் செய்ய முடியும். ஜாவாவின் மலைச்சரிவில் பத்து என்ற ஊரில் ஆப்பிள் இலைகளைக் கையாலேயே உருவிவிட்டுப் பூக்க வைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக் கொடியை என்றைக்குக் கவாத்து செய்கிறார்களோ, அதிலிருந்து நாலு மாதத்தில் பழம். எங்கள் வீட்டுப் பந்தலிலும் அப்படித்தான் பறிக்கிறோம். மாதுளையும் அத்தியும் குளிரை எதிர்பார்ப்பதில்லை. மாடித் தொட்டியிலேயே காய்க்கும். ஐப்பசியில் விதைத்தால் நூக்கல், முள்ளங்கி, கேரட் எல்லாம் பொங்கலுக்குள் கைக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு கன்றிலும் ரகத்தின் பெயரையும் அதற்கு எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும் என்பதையும் எழுதிக் கட்டித்தான் விற்க வேண்டும் என்று தோட்டக்கலைத் துறை உத்தரவிட வேண்டும். தாங்களும் மாடியில் ஆப்பிள் காய்த்த படம் எதையாவது வெளியிட்டால், அது எந்த ஊர், எவ்வளவு உயரம், அங்கே மார்கழியில் எத்தனை டிகிரி என்பதையும் அதே பத்தியில் சேர்த்து வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருநகர், மதுரை.