கீழ்வீட்டு அக்காவுக்கும், உடனிருந்த உங்கள் எல்லோருக்கும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. நேரில் வந்தும் தொலைபேசியில் அழைத்தும் ஆறுதல் சொன்ன ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல அம்மாவுக்கும் எங்களுக்கும் இன்னும் தெம்பு வரவில்லை என்பதால், இந்த மடலைப் பொதுவாக எழுதுகிறேன். அந்தக் கடைசி மாதங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அவற்றை மறுபடியும் சொல்லப் போவதில்லை.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. இரத்தத் தட்டணுக்களை (பிளேட்லெட்) எடுத்த 5 நாட்களுக்குள் ஏற்றியாக வேண்டும், முன்கூட்டிச் சேர்த்து வைக்க முடியாது என்று தெரிந்து, கேட்ட அன்றே விடுப்புப் போட்டு வந்து, கையில் ஊசியோடு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் படுத்திருந்து கொடுத்தவர்கள் அவர்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு மருத்துவமனையின் செவிலியர்களுக்கும், 29சி பேருந்தில் அப்பாவைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், இரவில் எப்போது கூப்பிட்டாலும் வந்த ஆட்டோக்காரருக்கும் கைகூப்புகிறேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே கீழ்வீட்டு அக்காவுக்காகத்தான்.

அப்பாவுக்கு மீன் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய், சங்கராவோ நெத்திலியோ வாங்கி வந்து, அதில் ஒரு பங்கைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் மாடியேறுவார். கீமோ தொடங்கிய பிறகு அந்த மனிதருக்கு மீன் வாசனை மட்டுமல்ல, கடுகு வெடித்துக் கறிவேப்பிலை பொரியும் வாசனைகூடக் குமட்டியது. எங்கள் அடுப்பில் தாளிப்பதையே நிறுத்திவிட்டதாக அம்மா ஒருநாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அக்காவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அம்மா சொன்னது எங்கள் சமையலறையைப் பற்றி மட்டுமே.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் குமட்டல் வெகுவாகக் குறைந்தது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தோம். மருத்துவரிடமும் அப்படியே சொன்னோம். அப்பா தயிர்சாதம் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்ட நாட்களில் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்த அக்காவின் இளைய மகன், நான் இலையில் வடை வைக்கும்போது நிமிர்ந்து, "அக்கா, இனிமே எங்க வீட்லயே மீன் வறுக்கலாமா?" என்று கேட்டான். அக்கா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினார். பிறகு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் சமையலறை ஜன்னல் அப்பா படுத்திருந்த அறைக்கு நேர் கீழே இருக்கிறது. அத்தனை மாதங்களாக அந்த வீட்டில் சாம்பாரும் ரசமும் தாளிக்காமலே இறக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் மீன் கேட்டு அடம்பிடித்த நாட்களில், இரண்டு தெரு தள்ளி இருக்கும் தம் அம்மா வீட்டுக்குப் போய் வறுத்து, தூக்கில் போட்டு மூடி எடுத்து வந்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா கூச்சப்பட்டு வேண்டாமென்று தடுத்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

கேட்டுப் பெற்ற உதவிகளுக்கு அப்போதே நன்றி சொல்ல முடிந்தது. இது எங்கள் ஜன்னல் வழியே வராமல் நின்றுபோன ஓர் உதவி. ஒரு குழந்தை கேட்டிராவிட்டால் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். இன்னும் யார் யார் எங்களுக்குத் தெரியாமல் எதையெதை விட்டுக்கொடுத்தீர்களோ என்று இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கும் இந்த மடல் சேர வேண்டும்.

அப்பா பெரிய காரியங்கள் செய்தவர் அல்லர். இரவுப் பணி முடிந்து கண் எரிய வந்த காலையிலும் எனக்கு ரிப்பன் கட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வாரம், கூடத்தில் பழுப்புத் தாளை விரித்து, எங்கள் நோட்டுகளோடு இந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோருடைய நோட்டுகளுக்கும் அட்டை போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டுவார். வலி தாங்க முடியாத நாளிலும், அம்மா சாப்பிட்டாளா என்று கேட்காமல் அவர் கண் மூடியதில்லை.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை தம்பி காசிமேட்டுக்குப் போகிறான். உங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கி வருவான். உங்கள் அடுப்பிலேயே வறுத்துக்கொடுங்கள். சின்னவன் கேட்டதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை, இதுதான் பதில். ஜூன் மாதம் பிள்ளைகளின் நோட்டுகளைக் கடையில் கொடுத்து அட்டை போட வேண்டாம், மேலே கொடுத்தனுப்புங்கள். ஓரம் கிழியாமல் அப்பா மடிக்கும் விதம் எனக்கும் தம்பிக்கும் தெரியும்.

நன்றியுடன்,
மூத்த மகள், பெரம்பூர்