ஐரோப்பாவில் அணைத்திருக்கும் ஜிமெயில் வசதி இங்கே ஏன் போட்டே வருகிறது? தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் செயலாளர் அவர்களுக்கும், இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2025 நவம்பரில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை அரசிதழில் வெளியிட்டீர்கள். அதே மாதத்தில்தான், ஜிமெயிலில் இருக்கும் கடிதங்களைக் கொடுத்து கூகுளின் செயற்கை நுண்ணறிவான ஜெமினிக்குப் பயிற்சி தருகிறார்கள் என்றொரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கூகுள் அதை மறுத்தது. செய்தி தவறாகவே இருக்கட்டும். அந்தப் பரபரப்பில் தங்கள் ஜிமெயில் செட்டிங்ஸை முதன்முறையாகத் திறந்து பார்த்தவர்கள் பலர். கடிதங்களின் உள்ளடக்கத்தை வைத்துப் பல வசதிகளைச் செய்து தர கூகுளுக்கு அனுமதி தரும் 'ஸ்மார்ட் அம்சங்கள்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். அந்த டிக்கைப் போட்டது யார் என்பதுதான் எங்கள் கேள்வி.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய இடங்களில் இந்தக் கட்டம் காலியாகவே வரும். வேண்டும் என்பவர் டிக் போட்டுக்கொள்ளலாம். கூகுளே தன் உதவிப் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறது. நமக்கோ போட்டே வருகிறது. அதே நிறுவனம், அதே மென்பொருள். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: இந்தியப் பயனருக்கும் இந்தக் கட்டம் காலியாகவே வர வேண்டும்.

'வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாமே' என்று நிறுவனத்தார் உங்களிடம் பதில் சொல்வார்கள். அணைப்பது எப்படி என்று பாருங்கள். கணினியில் பல்சக்கரத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போய், ஜெனரல் தாவலில் பாதிப் பக்கத்துக்கு மேல் இறங்கி 'ஸ்மார்ட் அம்சங்கள்' என்பதில் உள்ள டிக்கை எடுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. அதற்குக் கீழே 'வொர்க்ஸ்பேஸ் ஸ்மார்ட் அம்சங்கள்' என்று தனியாக ஒன்று. அதற்குள் போனால் இரண்டு பொத்தான்கள்: ஒன்று வொர்க்ஸ்பேஸுக்கு (ஜிமெயில், டிரைவ், நாட்காட்டி போன்றவை சேர்ந்த தொகுப்பு), இன்னொன்று மேப்ஸ் போன்ற கூகுளின் பிற சேவைகளுக்கு. இரண்டையும் அணைத்துச் சேமிக்க வேண்டும். முதல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எளிதில் நினைத்துவிடலாம். ஒருவரிடம் மூன்று கணக்குகள் இருந்தால் மூன்றிலும் இதே வேலை.

அப்படியும் அணைத்தவருக்கு என்ன நடக்கிறது? புரமோஷன்ஸ், சோஷியல் என்று பிரித்துக் காட்டிய தாவல்கள் மறைந்து, துணிக்கடைத் தள்ளுபடியும் வங்கிக் கடிதமும் ஒரே குவியலாக வந்து விழும். எழுத்துப்பிழை திருத்தம் போய்விடும். வாக்கியத்தை முடித்துத் தரும் வசதியும் போய்விடும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி டிக் போடுகிறார்கள். பின்னாளில் இதையே 'பயனர் விரும்பிச் சேர்ந்தார்' என்று கணக்கில் காட்டலாம்.

இந்தக் கட்டாயம் இயல்பாக வந்ததல்ல. ஸ்பேம் வடிகட்டலும் வைரஸ் சோதனையும் இந்த டிக்கை எடுத்த பிறகும் நடக்கத்தான் செய்கின்றன. அதாவது, பாதுகாப்புக்குத் தேவையானதை மற்றவற்றிலிருந்து தனியே பிரிக்க கூகுள்காரர்களால் முடிகிறது. எழுத்துப்பிழை பார்க்கக் கடிதத்தை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை. உலாவிக்குள் இருக்கும் அகராதியே அதைப் பார்த்துவிடும். தாவல் பிரிப்பதும், விமான டிக்கெட்டைப் படித்து நாட்காட்டியில் போடுவதும், கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பிற சேவைகளுக்குக் கொடுப்பதும் மூன்று வெவ்வேறு காரியங்கள். மூன்றுக்கும் மூன்று பொத்தான்கள் வைத்தால் போதும். ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது அவர்கள் எடுத்த முடிவு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்கக் கடிதங்களைப் படிப்பதை நிறுத்துவதாக கூகுள் 2017இல் அறிவித்தது. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்த சில நாட்களிலேயே 31 அமைப்புகள் சேர்ந்து இதைக் கண்டித்து மடல் எழுதின. நிறுத்த 13 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு புது வசதிக்கும் இன்னொரு 13 ஆண்டுகள் காத்திருக்க எங்களால் முடியாது.

இனி, உங்கள் கையில் இருப்பதைப் பற்றி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சம்மதம் என்பது தடையற்றதாகவும் குறிப்பான நோக்கத்துக்கானதாகவும் நிபந்தனையில்லாததாகவும், தெளிவான ஒரு செயலால் தெரிவிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. டெலிமெடிசின் (தொலைவழி மருத்துவ ஆலோசனை) செயலி ஒன்று ஃபோனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டால், நோயாளி 'சரி' என்று சொன்னாலும் அந்த எண்களுக்கான சம்மதம் செல்லாது என்று உதாரணமும் தருகிறது. நல்ல பிரிவு. எங்கள் கவலை 5ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவில் இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் சம்மதம் தந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினால் போதும். அவர்கள் திரும்பப் பெறும்வரை தரவைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்கிறது அது. இன்று போட்டே வரும் அந்த டிக், 2027 மே மாதம் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்போது 'முன்பே தந்த சம்மதம்' ஆகிவிடுமா? ஆகும் என்று நிறுவனங்கள் வாதாடினால், பழைய கணக்கு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் 6ஆம் பிரிவு ஏட்டளவில்தான். 'யாரும் தொடாத டிக் சம்மதம் ஆகாது' என்று இப்போதே ஒரு விளக்கம் வெளியிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

படங்கள் விஷயத்திலும் இதே கதைதான். வணிகக் கடிதங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படம் இருக்கும். ஒவ்வொரு பெறுநருக்கும் தனி முகவரி கொண்ட படம். கடிதத்தைத் திறந்ததும் அனுப்பியவரின் சர்வரிடம் அந்தப் படம் கேட்கப்படுகிறது. திறந்த நேரம் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுகிறது. 2013 முதல் ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே எடுத்துத் தருவதால் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மறைகிறது. ஆனால் திறந்தது மறைவதில்லை. செட்டிங்ஸில் 'இமேஜஸ்' என்ற இடத்தில் 'கேட்ட பிறகு காட்டு' என்று மாற்றினால் பெருமளவு தீரும். அதுவும் நாமாகத் தேடிப்போய் மாற்றினால்தான். கடிதத்தில் உள்ள லிங்கை அழுத்தினால் மீண்டும் தெரிந்துவிடும் என்பது வேறு.

பிரான்சின் தரவு ஆணையம் 2025 செப்டம்பரில், ஜிமெயில் கடிதங்களுக்கு நடுவே கடிதம் போலவே தோன்றும் விளம்பரங்களைச் சம்மதமின்றிச் செருகியதற்கும், கணக்கு தொடங்கும்போது குக்கீகளைச் சரியான சம்மதமின்றிப் போட்டதற்கும் கூகுளுக்கு 32.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அங்கே கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. இங்கேயும் அந்த ஆள் இருக்க வேண்டும் என்றுதானே வாரியம் அமைத்தீர்கள்?

'பிடிக்காவிட்டால் வேறு சேவைக்குப் போகட்டும்' என்பது நம் ஊர் நிலவரம் தெரியாதவர்கள் சொல்வது. பாஸ்போர்ட், நீட், டிஎன்பிஎஸ்சி எதற்கு விண்ணப்பித்தாலும் மின்னஞ்சல் முகவரி கேட்கிறீர்கள். ஆண்ட்ராய்டு ஃபோனில் பிளே ஸ்டோரைத் திறக்கவே கூகுள் கணக்கு வேண்டும். எத்தனையோ மாணவர்களுக்குக் கணக்கைத் திறந்து கொடுப்பவர் பிரவுசிங் சென்டர்காரர். 'ஐ அக்ரீ' அழுத்துவதும் அவரே. கடவுச்சொல் இருப்பதும் அவர் நோட்டில். அந்தப் பிள்ளையின் சம்மதம் எங்கே? உங்கள் விதிகளின் நான்காம் அட்டவணை, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மின்னஞ்சல் கணக்கு தொடங்குவதற்குப் பெற்றோர் சம்மதம் பெறுவதிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் அந்தக் கணக்கின் பயன்பாடு மின்னஞ்சலோடு நிற்க வேண்டும் என்கிறது. கூகுள் கணக்கு மின்னஞ்சலோடு நிற்பதில்லை. யூடியூப், மேப்ஸ், பிளே ஸ்டோர் எல்லாவற்றுக்கும் அதுவே சாவி. இந்த விலக்கு அதற்குப் பொருந்துமா என்பதையும் அதே விளக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அரசு வேலைக்கு வெளியார் மின்னஞ்சலைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை 2015இலேயே சொன்னது. இன்றும் எத்தனை அலுவலகப் பெயர்ப்பலகைகளில் ஜிமெயில் முகவரி இருக்கிறது! மனுவோடு ஆதார் நகலையும் சாதிச் சான்றிதழையும் குடிமக்கள் அந்த முகவரிக்குத்தான் அனுப்புகிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாடு இது. அரசு அலுவலகங்களுக்கே இது உறைக்காவிட்டால் நிறுவனங்களிடம் எப்படிக் கேட்பது?

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். இந்தியப் பயனருக்கும் அந்தக் கட்டம் காலியாகவே வரட்டும். வசதிகளுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கட்டும். சம்மதம் கேட்கும்போது தமிழிலும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மற்ற மொழிகளிலும் கேட்கட்டும். 5ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. 2027 மே வரை காத்திருக்காமல், அமைச்சகம் இப்போதே இதை நிறுவனங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் பயனர்கள் சிலர்