நினைவுப் பலகையில் அந்த விடுதியையும் எழுதுங்கள்
கனடாவின் வரலாற்றுத் தலங்கள், நினைவுச்சின்னங்கள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

ஃபோர்ட் குட் ஹோப் மரக்கோவிலைப் பற்றி எழுதுகிறேன். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில் மெக்கென்சி ஆற்றங்கரை ஊர் அது, ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கு. எனக்கு அந்த ஊரில் சொந்தபந்தம் ஒன்றும் இல்லை. நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், இப்போது ரொறன்ரோவாசி. ஆனால் 1847-இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைதான் அந்தக் கோவிலையும் கட்டியது. எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தச் சபைச் சுவாமிமார். ஆகவே வெளியாள் வம்பளக்கிறான் என்று நினைக்காதீர்கள்.

1865-இல் வேலை தொடங்கி இருபது வருடம் இழுத்திருக்கிறது. வெளியே வெள்ளைப் பலகைச் சுவர், செங்குத்தான கூரை, கூர்நுனி ஜன்னல்கள். உள்ளே கால் வைத்தால் வேறு உலகம்: நீலக் கூரையில் நட்சத்திரங்கள், சுவரெல்லாம் பூவும் கொடியும். மாதக்கணக்கில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் பார்க்காத ஊரில் இத்தனை வண்ணம்! அதில் பெரும்பங்கு எமில் பெத்தித்தோ சுவாமியின் கைவண்ணம். அங்கிருந்த காலத்தில் அந்தப் பகுதிப் பழங்குடிகளான டெனே மக்களின் மொழிகளைக் கற்று, 1876-இல் அகராதியும் வெளியிட்டவர் அவர்.

1977-இல் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்றுக்கொண்டீர்கள். கட்டட அழகுக்கும் உள் அலங்காரத்துக்கும் கிடைத்த மரியாதை அது. அதில் எனக்குப் பிணக்கு இல்லை. என் பிணக்கு வேறு.

1859-இல் அந்த மிஷனைத் தொடங்கியவர் ஆன்றி குரோலியே சுவாமி. ஐந்து வருடத்தில் அங்கேயே இறந்துபோனார். மிஷன் தொடங்கிச் சரியாக நூறு வருடம் கழித்து, 1959-இல், இன்னும் வடக்கே இனுவிக் என்ற ஊரில் ஒரு கத்தோலிக்க மாணவர் விடுதி திறந்தார்கள். பெயர் குரோலியே ஹோல். குட் ஹோப் பிள்ளைகளையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். தாயும் தகப்பனும் ஆற்றங்கரையில், பிள்ளைகள் விடுதியில். அகராதி போட்டுப் பாதிரிமார் படித்த மொழிகள், பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் வாயில் வரக்கூடாத மொழிகள் ஆகிவிட்டன. அந்த விடுதியின் மேற்பார்வையாளர்கள் சிலர் பிள்ளைகளைப் பாலியல் கொடுமை செய்ததற்காகப் பின்னாளில் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். 1997 வரை அந்த விடுதி இயங்கியது. அதாவது, நீங்கள் கோவிலுக்குக் கௌரவம் கொடுத்த 1977-இல் விடுதியில் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒரே சபை, ஒரே பெயர். கோவிலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விடுதியை விட்டுவிட்டால் அது பாதிக் கதைதானே? கோவிலை இடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே கல்யாணமும் செத்தவீடும் கண்ட குடும்பங்களுக்கு அது அவர்களுடைய கோவில்.

உங்கள் வாரியத்தில் பழங்குடி மக்களுக்கு இடம் வேண்டும் என்று வதிவிடப் பள்ளிகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இலேயே கேட்டது, 79-ஆவது பரிந்துரை. அதற்காக 2022-இல் வந்த சட்டமூலம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரோடு முடிந்துபோனது. சட்டம் உங்கள் கையில் இல்லை, சரி. அமைச்சருக்குப் பரிந்துரைப்பது உங்கள் கையில்தானே இருக்கிறது.

அப்புறம், நெருப்பு. 2024 ஜூனில் காட்டுத்தீ நெருங்கி வர, ஊரே காலி செய்து போனது. நிரந்தரச் சாலை கிடையாது, பலர் படகில்தான் போனார்கள். அந்தத் தடவை கோவில் தப்பியது. பழங்காலத்துக் காய்ந்த பலகை அது. தேசியத் தலம் என்ற பட்டத்தோடு சட்டப் பாதுகாப்பு ஒன்றும் வருவதில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். தீத்தடுப்புக்கு ஒதுக்க வேண்டிய பணத்தை அடுத்த கோடைக்கு முன்பே கேளுங்கள்.

கோவிலின் நினைவுப் பலகை வாசகத்தில் விடுதியையும் சேர்த்துத் திருத்தும்போது அதை ஒட்டாவாவில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்த ஊருக்குப் போய், குரோலியே ஹோலில் வளர்ந்து இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். முதல் வரி அவர்கள் மொழியில் இருக்கட்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் கீழே வரலாம்.

இப்படிக்கு,
ரொறன்ரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்தான்