வாட்ச்மேன் ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்களுக்கு என்ன நடந்தது என்று இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தெரியும். வெள்ளம் வீட்டுக்குள் வந்தது, மாமியாரைப் பறிகொடுத்தோம். அதற்குமேல் திரும்பவும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முந்தாநாள் முகாமிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். சேற்று வாடை இன்னும் போகவில்லை, ஆனாலும் வீடுதான். மகன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான். அவன் தூங்குகிறான் என்று எழுதும்போதே கண் கலங்குகிறது. அதனால்தான் தள்ளிப்போடாமல் இன்றைக்கே எழுதுகிறேன்.

படகோடு வந்த தம்பிகள், போர்வையும் மருந்தும் கொண்டுவந்தவர்கள், பெயர்கூடச் சொல்லாமல் என் செல்போனுக்கு சார்ஜ் போட்டுத் தந்த பெண், மாமியாரின் கடைசிக் காரியங்களுக்கு எங்களோடு நின்றவர்கள், மூக்கைப் பொத்தாமல் முகாமின் கழிவறைகளைக் கழுவியவர்கள், அத்தனை பேருக்கும் நன்றி. உங்களையெல்லாம் ஒரே வரியில் அடைப்பது நியாயமில்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலின் பெரும்பகுதி ஒரே ஆளுக்குப் போகப்போகிறது.

முகாம் நடந்த பள்ளியின் இரவு வாட்ச்மேன் அவர். உதவிக்கென்று வந்தவர் இல்லை, எப்போதும் அங்கேயே வேலை பார்க்கிறவர். யாருக்கு நன்றி சொல்வது என்று எழுதிவைத்த எந்தப் பட்டியலிலும் அவர் இருக்கமாட்டார்.

என் மகனுக்கு ஏழு வயது. முதல் மூன்று இரவும் அவன் கண் மூடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, “அம்மா, தண்ணி வருதா?” “வராது, தூங்கு.” மறுபடியும் “வருதா?” “வராதுன்னு சொன்னேன்ல, தூங்கு.” எப்போதோ விட்டிருந்த விரல் சூப்புதல் திரும்ப வந்திருந்தது. பாயையும் நனைத்தான். சுற்றியிருந்தவர்கள் நல்ல மனதோடுதான் “ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா” என்றார்கள். பகலில் ஒருவர் மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டி, “பாட்டியைப் பத்திச் சொல்லு” என்றார். அன்று முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நான்காம் இரவு. மணி இரண்டு இருக்கும். வழக்கம்போல “தண்ணி வருதா?” ரோந்து வந்த வாட்ச்மேன் காதில் அது விழுந்துவிட்டது. நின்றார். அவரும் “வராது” என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “எனக்கும் தெரியல தம்பி. வா, போய்ப் பார்த்துட்டு வருவோம்” என்றார். தன் டார்ச் லைட்டை அவன் கையில் கொடுத்தார். இவன் எழுந்துகொண்டான். நான் பின்னாலேயே போனேன்.

கேட்டுக்கு வெளியே தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு சாக்பீஸை எடுத்து, கேட் தூணில் தண்ணீர் தொடுகிற இடத்தை ஒட்டி ஒரு கோடு போட்டார். “அரை மணி கழிச்சு வருவோம். கோடு முழுகியிருந்தா உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போயிடலாம். முழுகலைன்னா சும்மா உக்காந்திருப்போம். சரியா?” அரை மணி கழித்துப் போனார்கள். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. என் மகன் விரலை வைத்தே அளந்து பார்த்தான். பிறகு இன்னொரு கோடு. அன்று நான்கு முறை போய் வந்தார்கள். ஐந்தாம் முறைக்கு முன் அவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்தபடி தூங்கிப்போனான்.

அதற்கப்புறம் தினமும் இதுவே வேலை. தூணில் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தன. நடுவே அவர் எதையும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. அவன் பேசினால் கேட்பார், பேசாவிட்டால் பேசாமலே உட்கார்ந்திருப்பார்.

ஆறாம் இரவு அவனாகவே சொன்னான். “தாத்தா, நான்தான் பின்கதவைத் திறந்தேன்.”

எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டா இருந்தான்? “சீ, அப்படியெல்லாம் சொல்லாதே” என்று பாயப் போனேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“எதுக்குத் திறந்தே?”

“தவளை கத்துச்சு. பார்க்கலாம்னு.”

“அப்ப தெருவுல தண்ணி இருந்துச்சா?”

“இருந்துச்சு. இவ்வளவு.” தன் முழங்காலைக் காட்டினான்.

“பக்கத்து வீட்டுல யாரு கதவைத் திறந்தது?”

“அவங்க வெளியூர் போயிட்டாங்க. பூட்டியிருந்துச்சு.”

“அங்க தண்ணி போகலையா?”

ரொம்ப நேரம் யோசித்தான். டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். “போச்சு” என்றான்.

“பூட்டின வீட்டுக்கும் போச்சு” என்றார் அவர். அவ்வளவுதான். ‘அதனால் உன் தப்பு இல்லை’ என்றுகூட முடிக்கவில்லை. அதை அவனே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி. “பாட்டி தூங்குறாங்களா, செத்துட்டாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். “அதை அம்மாகிட்ட கேளு. அம்மா சொல்லுவாங்க.”

‘பாட்டி தூங்குறாங்க’ என்று முதல் நாள் காலையில் அவனிடம் சொன்னது நான்தான். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். அது தெரியாமல் மூன்று இரவும் ‘தூங்கு, தூங்கு’ என்று அவனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். அந்தப் படிக்கட்டில் வைத்து உண்மையைச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். வாட்ச்மேன் எழுந்து ரோந்துக்குப் போய்விட்டார்.

முகாமுக்கு வந்த உளநல ஆலோசகரிடம் பிறகு இதைச் சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரமே மூன்று சொல்தான் என்றார் அவர்: பார், செவிகொடு, சேர்த்துவிடு. “உங்க வாட்ச்மேன் மூணையும் செஞ்சிருக்கார். கடைசியில பிள்ளையை உங்ககிட்டயே சேர்த்துட்டாரே” என்றார். ஒரு காலத்தில் பேரிடர் நடந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைப்பார்களாம். அதனால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல்கூட ஆகலாம் என்று தெரிந்தபின் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார்களாம்.

கதவு விஷயமும் புதிதல்லவாம். 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லாவில் 26 பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தோடு கடத்தி, மண்ணுக்குள் புதைத்த ஒரு வண்டிக்குள் அடைத்துவைத்தார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். பின்னாளில் மனநல மருத்துவர் லெனோர் டெர் அந்தப் பிள்ளைகளிடம் பேசியபோது, அன்று காலையிலேயே ஏதோ அறிகுறி தெரிந்தது, அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று பல பிள்ளைகள் சொன்னார்களாம். காரணமே இல்லாமல் நடந்தது என்பதைவிட என்னால் நடந்தது என்பது பிள்ளை மனதுக்குத் தாங்கும்போலிருக்கிறது. பிள்ளை மனதுக்கு மட்டுமா? மாமியாரை அன்று சாயங்காலமே தங்கையின் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமே என்று நானும்தான் தினம் ஒரு கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆலோசகருக்கு இன்னொரு நன்றியும் உண்டு. வீட்டைக் கழுவி முடிக்கும்வரை மகனை உறவினர் வீட்டில் விட்டுவைக்கலாம் என்று முடிவுசெய்திருந்தோம். அவர்தான் வேண்டாம் என்றார். இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் பிள்ளைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்ட் என்ற உளவியல் அறிஞர், குண்டு விழுந்ததைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் பல பிள்ளைகளை அதிகம் வாட்டியது என்று கண்டாராம். சரி, சேறோ சகதியோ கூடவே இருக்கட்டும் என்று அழைத்து வந்துவிட்டோம். நேற்று ஒரு சின்ன வாளியோடு அவனும் முற்றம் கழுவினான். இந்தத் தவிப்பு ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் இருந்தால் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நேற்று மழை தூறியதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நானும் குனிந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை அவனிடம் இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். எத்தனை நாள் காப்பாற்றுவேனோ. நேற்றே இரண்டு முறை வாய்வரை வந்துவிட்டது. பிறகு இருவரும் எங்கள் வாசல் தூணில் கோடு போடப் போனோம். தரையில் தண்ணீரே இல்லை, எங்கே போடுவது என்று கேட்டான். கீழே போடு என்றேன். போட்டான்.

ஐயா, உங்கள் டார்ச் லைட் எங்களிடம்தான் இருக்கிறது. கிளம்பும் அவசரத்தில் இவன் பையோடு வந்துவிட்டது. வேண்டுமென்றே எடுத்துவந்தானோ என்றும் ஒரு சந்தேகம், கேட்கவில்லை. புது பேட்டரி போட்டுவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் ரோந்துக்கு வரும் நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து தருகிறோம். உங்களிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம் அவனுக்கு. என்ன என்று என்னிடம் சொல்லமாட்டேன் என்கிறான்.