முடி கொட்டினால் தண்ணீரையே பழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் தலைமுடி கொட்டினால் முதல் பழி போர் தண்ணீருக்குத்தான். குழாயில் ஃபில்டர் மாட்டுகிறார்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் ஏற்காடு போய்வரும்போது மூலிகை எண்ணெய் வாங்கி வருகிறார்கள். இதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது. பரம்பரை வழுக்கைக்கு அந்த ஆறு மாதம் சின்ன நஷ்டம் அல்ல.

வெள்ளைக்கல் எனும் மெக்னீசியம் தாதுவை வெட்டியெடுக்கும் ஊர் இது. கால்சியம், மெக்னீசியம் உப்பு மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதன் கசடு முடிமேல் படிந்து சொரசொரப்பாகும், சிக்கு விழும், சீவும்போது முடி நடுவில் ஒடியும். ஆனால் முடி வளரும் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. குளிக்கிற தண்ணீர் அங்கே போவதில்லை. சந்தேகம் இருந்தால் விழுந்த முடியைக் கறுப்புத் துணியில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரிந்தால் அது வேரிலிருந்து கழன்ற முடி, தண்ணீர் காரணமல்ல. குமிழ் இல்லாத துண்டுகளாக இருந்தால் ஒடிந்தது. அதற்குக் கண்டிஷனரும் கடைசியாக ஒரு சொம்பு காவேரித் தண்ணீரும் போதும்.

குமிழோடு கொத்துக் கொத்தாக வந்தால் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வளர்ந்து, 3 மாதம்போல ஓய்ந்திருந்து உதிரும். நாளுக்கு 50 முதல் 100 விழுவது இயல்பு. டெங்கு, டைபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் என உடம்பு அடிவாங்கும்போது ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், 2, 3 மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. அதற்குள் காய்ச்சல் மறந்துபோய், போன வாரம் மாற்றிய ஷாம்பு மாட்டிக்கொள்கிறது. காரணம் நீங்கியிருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நிற்கும். அந்தச் சமயத்தில் எந்த எண்ணெய் தேய்த்தார்களோ அதற்குப் பேர் கிடைத்துவிடும்!

வழுக்கை இப்படிக் கொட்டி வருவதில்லை. டி.எச்.டி. என்ற ஆண் ஹார்மோனால் எளிதில் பாதிக்கப்படும் வேர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் மெல்லிய, இன்னும் குட்டையான முடியையே தருகின்றன. ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் குறையும். பெண்களுக்கு முன்நெற்றி அப்படியே இருக்க, வகிடு அகலமாகும். தாய்வழித் தாத்தாவை மட்டும் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். அப்பா வழியிலும் வரும்.

இதற்குத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து உதவும். ஆண்களுக்கு வழக்கமாக 5 சதவீதக் கரைசல், காலையும் இரவும் 1 மி.லி., உலர்ந்த தலையில், முடிமேல் அல்ல, தோல்மேல். முதல் சில வாரங்கள் கொட்டல் கூடும். பழைய முடியைப் புதியது தள்ளுவதால் வருவது அது. பலர் பயந்து நிறுத்துவது அங்கேதான். நாலு மாதமாவது போட்டால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் சில மாதங்களில் போய்விடும். ஆண்களின் வழுக்கைக்குத் தரும் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரையை மெடிக்கலில் நேராக வாங்கி விழுங்காதீர்கள். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம். புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தச் சோதனையின் அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அந்தச் சோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி கெடலாம்.

பெண்கள் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். தைராய்டும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போய் முகத்திலும் முடி வளர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். முடிக்கென்று சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை தைராய்டு சோதனை முடிவைக் குழப்பும். ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

புழுவெட்டில் புழு இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்க வேண்டாம். குழந்தைக்குச் செதிலோடு முடி ஒடிந்த திட்டு இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைப் படை. களிம்பு மட்டும் போதாது, சில வாரம் உள்ளுக்கு மருந்து வேண்டும். அதுவரை சீப்பும் துண்டும் தனி.

அவசரம் ஒன்று உண்டு. எரிச்சலும் அரிப்புமாக, முடித்துளையே தெரியாமல் பளபளவென்று திட்டு விழுந்தால் வேர் தழும்பாகிக்கொண்டிருக்கிறது. போன முடி திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
தோல் நோய் மருத்துவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.